எண் தகட்டைச் சொல்லி

மலையிலிருந்து இறங்கும்போது
அதிகாலை நாலரை மணி மூடுபனியில்
ஒரு காட்டுப்பன்றியை அடித்துவிட்டேன்.
பன்றி எழுந்து போய்விட்டது.
என் டொயோட்டாவுக்குத்தான் மூவாயிரம் டாலர்.

பட்டறைக்கார டெரில் ஓஷிரோ
சாவியை நீட்டினான், ஆனால் விடவில்லை.
"கோயில்ல காட்டிட்டு ஓட்டு."
இந்தத் தீவில் எனக்கு ஏது கோயில்?
"எங்களோடதுதான். நாப்பது டாலர்,
டயருக்கும் சேர்த்து."

ஹிலோவுக்கு வடக்கே
கரும்பாலை மூடிப்போன சிற்றூர்.
ஒரு தபால் நிலையம்,
வாழைப்பழ ரொட்டி விற்கும் கடை,
அப்புறம் சிமென்டில் வார்த்த தோரி வாசல்,
சிவப்பு உரிந்து உள்ளே சாம்பல் தெரிகிறது.
மழை.
அங்கே யாரும் மழை பெய்கிறது என்று சொல்வதில்லை.

கல்தொட்டியில் மூங்கில் அகப்பை.
இடது கை, வலது கை, பிறகு வாய் கொப்பளிக்க.
படம் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தும்
விழுங்கிவிட்டேன்.
தீர்த்தம் என்றால் என் தொண்டைக்கு
அவ்வளவுதான் தெரியும்.

பூசாரி லொரெய்ன் ஃபுகுமிட்சு
வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்.
வெள்ளை அங்கியோடு ரப்பர் செருப்பைக் கழற்றி
ஓரமாய் விட்டுப் பேனா எடுத்தார்:
பெயர்? முகவரி? வண்டி எண்?
நட்சத்திரம் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.
ராத்திரி முழுக்க நட்சத்திரம் பார்க்கும் கண்ணாடிக்கு
மேலே குளிர்குழாய் மாட்டுகிறவள் நான்.
என்னுடையது சித்திரையா சுவாதியா, நினைவில்லை.

முகவரி எதற்கு என்றேன்.
"சாமி வேற வீட்டுக்குப் போயிடக் கூடாதில்ல?
நிறைய பேர் அபார்ட்மென்ட் நம்பரை விட்டுடறாங்க."

இரண்டு முறை குனிந்தோம்.
இரண்டு முறை கைதட்டச் சொன்னார்.
தட்டல் எனக்குப் புதிதல்ல.
சண்டிகேசுவரர் முன்னால், புறப்படும்போது,
'பார், உன் சொத்தில் ஒன்றும் எடுக்கவில்லை'
என்று வெறுங்கையைக் காட்டத் தட்டுவோம்.
இங்கே வந்ததும் தட்டுகிறார்கள்,
வந்திருக்கிறேன் என்று.
நான் எதற்குத் தட்டினேனோ,
இரண்டாவது தட்டு
அவருடையதற்குப் பின்னால் தனியாக விழுந்தது.

பிறகு வண்டி.
கதவு நாலும் திறந்து, பானெட் திறந்து
அரைமணி நேரம் திட்டு வாங்கப்போகிற பையன் மாதிரி
அது நின்றது.
பழைய ஜப்பானியத்தில் நீளமாக வாசித்தார்.
ஒரு சொல்லும் பிடிபடவில்லை.
திடீரென்று நடுவில் 'எஸிராராஷி'
(ழ போய்ப் பல வருடமாகிறது),
என் தெருப் பெயர், அபார்ட்மென்ட் ஆறு,
இசட் டி கே நாலு ஒன்று ஏழு.
இவ்வளவு துல்லியமாக யாரும் என்னை
எந்தத் தெய்வத்திடமும் சொன்னதில்லை.

காகிதப் பட்டைகள் தொங்கும் கோலை
ஸ்டியரிங் மேல் அசைத்தார்,
பின்சீட்டில் கிடந்த அழுக்குத்துணிப் பை மேலும்.
பம்பர் இடுக்கில்
டெரில் கவனிக்காமல் விட்ட இரண்டு மயிர்.
கறுப்பு, தடிப்பு.
அங்கே கோல் நின்றது.

"அது என்னாச்சு?"
எழுந்து போய்விட்டது.
"பாத்தியா?"

மூடுபனி, என்றேன்.
புதரில் ஒரு சத்தம் கேட்டது, என்றேன்.
ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிற சத்தம்
என்று சொல்லவில்லை.

அவர் தாளைத் திருப்பினார்.
"முகவரி?"
பத்தொன்பதாம் மைல்கல், மேலிருந்து வரும்போது
வலது பக்கம்.
எழுதிக்கொண்டார்.
இன்னொரு முறை வாசித்தார்.
இந்த முறை எனக்கு ஒரு சொல் புரிந்தது:
பத்தொன்பது.
அதை அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார்.

என் பையில் நாலு எலுமிச்சை.
வெட்கப்பட்டு எடுத்தேன்.
"ஜூஸுக்கா?"
டயருக்கு.
ஓ, என்று வாங்கி
அங்கியைச் சுருட்டிக்கொண்டு அவரே குனிந்து வைத்தார்.

மூன்று நசுங்கின.
நாலாவது நழுவி உருண்டு
தோரி வாசலுக்கு அப்பால்
மழையில் மஞ்சளாய்க் கிடந்தது.
ரிவர்ஸ் எடுக்கக் கியரில் கை வைத்தேன்.

"அது போகட்டும்," என்றார்.